மூட்டு மாற்றிய பிறகு பிசியோதெரபி: வீட்டிலா, கிளினிக்கிலா?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு முதல் சில வாரங்கள் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவதே நல்லது. ஆட்டோவில் காலை மடக்கி ஏறி இறங்கும் வேதனை இல்லை. வழுக்கும் பாத்ரூம் தரை, தாழ்வான கட்டில், கைப்பிடி இல்லாத படி எல்லாம் அவர் கண்ணில் படும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவதையும் பார்த்துத் தடுப்பார். அப்படியே பழகினால் கால் நேராக நீளாது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கிளினிக்கில் சைக்கிள், பேரலல் பார் (இருபக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கும் கம்பிகள்) போன்ற கருவிகள் இருக்கும். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்ததும் அங்கே மாறிவிடுங்கள் என்பேன். தசை வலுப்பெற அவை உதவும்.

எங்கே செய்தாலும், கெண்டைக்கால் வீங்கி வலித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.