உப்புக்காற்றில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர்: பழைய மஸ்டா எம்எக்ஸ்-5, நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, அதாவது யப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்ற கார், திருகோணமலையில் ஓடும்போது முதலில் கை கொடுக்க மறுப்பது பிரேக் மாஸ்டர் சிலிண்டர்தான், அதாவது பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் பாகம். எஞ்சின் திடகாத்திரமானது, கியர்பொக்சும் அப்படியே. சிலிண்டரோ உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஈரக் காற்றில் நின்று நின்று உள்ளுக்குள் அரிக்கிறது. பல ஆண்டுப் பாவனையில் தெளிவாகத் தெரிந்தது ஒன்று: இந்த ஊரில் ரப்பர் கிட் (உள்ளிருக்கும் ரப்பர் பாகங்கள்) மட்டும் போட்டுச் சமாளிப்பது வீண் செலவு. போர், அதாவது பிஸ்டன் ஓடும் உட்துளை, பழுதாகிவிட்டால் முழுச் சிலிண்டரையும் மாற்ற வேண்டும்.

கழற்றுவதற்கு முன் நோய் எது என்று வடிவாகப் பார்க்க வேண்டும். பெடலை மெதுவாக, ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்திருங்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது, சிலிண்டரின் மேலுள்ள டாங்கியில் பிரேக் ஒயில் குறையவில்லை என்றால் சிலிண்டருக்குள் கப் (பிஸ்டனின் ரப்பர் வளையம்) வழியே ஒயில் பின்னால் நழுவுகிறது. ஓங்கி மிதித்தால் இந்தக் குறை தெரியாமல் போகலாம். அழுத்தம் கூடக் கூட கப்பின் உதடு சுவரோடு இறுகிவிடும், மென்மையாக மிதிக்கும்போதுதான் கசியும். பெடல் பஞ்சுபோல் இருந்து, இரண்டு மூன்று தரம் அடித்ததும் இறுகினால் அது ஒயிலுக்குள் புகுந்த காற்று. வெளியே எங்கும் கசிவு இல்லாமல் ஒயில் மட்டும் குறைந்தால் சிலிண்டரின் பின் கப் தேய்ந்து ஒயில் பூஸ்டருக்குள் (சிலிண்டருக்குப் பின்னால் மிதிப்பைப் பெலப்படுத்தும் பாகம்) போகிறது. சிலிண்டருக்கு நேர் கீழே பூஸ்டரின் பெயின்ற் கொப்பளித்திருந்தால் இதில் சந்தேகமே வேண்டாம்.

இந்தக் காருக்கே உரிய இன்னொன்றும் உண்டு. பின் கலிப்பரில், அதாவது பிரேக் பாட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பாகத்தில், ஹாண்ட் பிரேக் பொறிமுறை இருக்கிறது, அதைக் கையால் சரிசெய்ய வேண்டும். கலிப்பரின் பின்புறம் 14 மில்லிமீற்றர் போல்ட் ஒன்றைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீற்றர் அலன் கீ போகும் திருகு தெரியும். பாட் டிஸ்க்கைப் பிடிக்கும் வரை வலப்பக்கம் திருப்பி, பிறகு மூன்றில் ஒரு சுற்று பின்வாங்க வேண்டும். இது தளர்ந்திருந்தாலே பெடல் ஆழமாகப் போகும். இதைப் பார்க்காமல் நல்ல சிலிண்டரைக் கழற்றி எறிகிறவர்கள் அதிகம்.

எந்தச் சிலிண்டர் வாங்குவது? போர் 7/8 அங்குலம், 22.2 மில்லிமீற்றர். பெரும்பாலும் உடலிலேயே வார்த்திருக்கும், பார்த்து வாங்குங்கள். 15/16 அங்குலம் போட்டால் பிரேக் நன்றாகும் என்று சிலர் சொல்வார்கள். பரப்பளவு 15 சதவீதம் கூடுகிறது. பெடல் குறைவாகப் போகும், இறுக்கமாகத் தெரியும், ஆனால் அதே அழுத்தத்தைப் பெறக் காலால் 15 சதவீதம் கூடுதலாக மிதிக்க வேண்டும். ஹபரணை வீதியில் இரவில் யானை குறுக்கே நின்றால் அந்த வித்தியாசம் காலில் தெரியும். அசல் அளவே நல்லது.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பாவித்த சிலிண்டரில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. தட்டில் காய்ந்து கிடந்த ரப்பர் பொருத்திய சில மாதங்களில் கசியும். வேறு வழியில்லாமல் வாங்கினால் பிஸ்டனைக் கழற்றி, போரை வெளிச்சத்தில் பார்த்து, நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் அது உதவாது. ஹோன் பண்ணி (உட்சுவரைத் தேய்த்து) அரிப்பை எடுக்கப் பார்த்தால் அளவு கூடும். அலுமினியம் என்றால் மேல் பூச்சும் போய், அடுத்த மழைக்குள் திரும்ப அரிக்கத் தொடங்கும். எம்ஜி போன்ற பிரித்தானியக் கார் வைத்திருப்பவர்களுக்கு, லேத் பட்டறையில் துருப்பிடிக்காத உருக்கு ஸ்லீவ் (உட்குழாய்) போட்டெடுப்பது நீண்டகாலம் நிற்கும் தீர்வு. அந்தக் கார்களில் பைப் நட் 3/8 அங்குல யூஎன்எஃப் மரை. யப்பான் காரின் எம்10 ஒரு மில்லிமீற்றர் மரையோடு பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் பூட்டினால் மரை போய்விடும்.

இனிக் கழற்றும் வேலை. பைப் நட்டுகளுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே துரு இளக்கி விட்டு வைக்க வேண்டும். இங்குள்ள உப்புக்கு அவை பைப்போடு ஒட்டியிருக்கும். சாதாரண ஓப்பன் ஸ்பனர் போட்டால் முனை மழுங்கும், ஆகவே நட்டைச் சுற்றிப் பிடிக்கும் 10 மில்லிமீற்றர் ஃப்ளேர் நட் ஸ்பனர் கட்டாயம் வேண்டும். முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு இளக்கி, முன்னும் பின்னுமாக ஆட்டியே எடுக்க வேண்டும். நட்டோடு பைப்பும் முறுகினால் உடனே நிறுத்துங்கள். பைப் ஒடிந்தால் 3/16 அங்குல குப்ரோ நிக்கல் பைப் வளைத்து, முனையை விரித்து இரட்டை ஃப்ளேர் போட வேண்டிவரும். நட்டுகளை இளக்குவதற்கு முன் டாங்கியில் உள்ள ஒயிலை மருந்துக்கடைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, சென்சர் வயரைக் கழற்றி, கீழே துணி விரித்து விடுங்கள். ஒயில் பெயின்றில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பூஸ்டரில் பிடித்திருப்பவை 12 மில்லிமீற்றர் நட் இரண்டு மட்டுமே.

பழைய டாங்கியைப் புதுச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுவதானால் அடியிலுள்ள ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போடுங்கள். கழுவுவதற்குப் புதிய பிரேக் ஒயில் அல்லது ஸ்பிரிற் மட்டும். கராஜ்களில் வழக்கமாகச் செய்வதுபோல் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் உள்ளே உள்ள ரப்பர் ஊதிப் பெருத்துவிடும். டாங்கி மூடியின் ரப்பர் ஏற்கெனவே ஊதியிருந்தால் யாரோ பவர் ஸ்டியரிங் ஒயிலை ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது சிலிண்டர் மட்டும் போதாது. கலிப்பர் சீல், ஹோஸ் எல்லாம் மாற்ற வேண்டும்.

பூஸ்டரில் இருந்து வரும் தள்ளுகோலின் நீளத்தைத்தான் பலர் பார்ப்பதில்லை, அதிகம் கெடுப்பதும் அதுதான். கோல் சற்று நீளமானால், பெடலை விட்ட பிறகும் முதல் கப் திரும்பு துவாரத்தை மூடியபடியே நிற்கும். சூடேறி விரியும் ஒயிலுக்கு டாங்கிக்குத் திரும்ப வழியில்லை. சில கிலோமீற்றரில் பிரேக் தானே பிடிக்கும், டிஸ்க் நீலம் பாயும். குட்டையானால் பெடலின் முதல் பாதி வெறுமையாகப் போகும். பிஸ்டன் குழியில் சிறு துண்டுக் களிமண் வைத்து, சிலிண்டரைப் பூட்டி இறுக்கிக் கழற்றினால், நசுங்கிய தடிப்பே இடைவெளி. அது ஒரு மில்லிமீற்றருக்குள், ஆனால் பூச்சியமாக இல்லாமல் இருக்க வேண்டும். வேலை முடிந்தபின் ஒரு சோதனை: டாங்கி மூடியைத் திறந்து, உதவியாள் பெடலைத் தொட்டும் தொடாமலும் அழுத்தினால் ஒயிலின் மேல் சின்னக் குமிழ்ப்பு எழ வேண்டும். எழுந்தால் துவாரம் திறந்திருக்கிறது.

புதிய சிலிண்டரைக் காரில் பூட்டுவதற்கு முன் வைசில் வைத்துக் காற்று எடுக்க வேண்டும். விளிம்பில் பிடியுங்கள், உடலை இறுக்கினால் போர் நெளியும். ஒயில் வெளியேறும் வாய்களில் ரியூப் மாட்டி, மறுமுனையை டாங்கி ஒயிலுக்குள் மூழ்கவிட்டு, பிஸ்டனை மெதுவாகத் தள்ளுங்கள். குமிழி முற்றாக நிற்கும் வரை செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் சில்லுப் பக்கம் எவ்வளவு ஒயில் ஓட்டினாலும் பெடல் இறுகாது. பூட்டியபின் சிலிண்டரின் பைப் நட்டை இளக்கி அங்கே ஒரு தரம், பிறகு தூரத்துச் சில்லிலிருந்து: வலப்பக்க ஸ்டியரிங் காருக்கு இடது பின், வலது பின், இடது முன், வலது முன். ஒரு லீற்றர் ஒயில் தாராளமாகப் போதும். முறுக்கு அளவு பைப் நட்டுக்கு 13 முதல் 21, பூஸ்டர் நட்டுக்கு 10 முதல் 15 நியூட்டன் மீற்றர்.

பழைய சிலிண்டரோடு காற்று எடுப்பதானால் பெடலின் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். நாளாந்தம் கப் போகாத ஆழத்தில் போர் கறள் பிடித்திருக்கும். அடிமட்டம் வரை மிதித்தால் கப்பின் உதடு அதன்மேல் ஓடிக் கிழியும். ஒயில் மாற்றிய மறுநாளே பிரேக் போய்விட்டது என்ற முறைப்பாடுகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பூட்டிய பின் முதல் கிழமையில் பூஸ்டர் சந்திப்பில் வெள்ளைக் காகிதம் வைத்து ஒற்றிப் பாருங்கள். முதல் ஒயில் சீக்கிரம் கறுக்கும், புதுக் கப் தேய்ந்து பொருந்தும்போது அப்படித்தான். ஒருமுறை மாற்றிவிட்டால் பிறகு தெளிவாக நிற்கும். டொட் 3 தர ஒயில் புதிதாக 205 பாகை செல்சியசில் கொதிக்கும், ஈரம் ஏறிய பிறகு 140. டொட் 4 என்றால் 230, 155. திருகோணமலையின் தட்டை வீதிகளில் கொதிநிலை பெரிய பிரச்சினை இல்லை, நுவரெலியா இறக்கத்தில்தான் அது உயிர்ப் பிரச்சினை. இங்கே ஈரம் செய்யும் கேடு அரிப்பு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற பொதுக் கணக்கை விட்டு, ஆண்டுக்கு ஒருமுறை, வாடை மழை முடிந்தபின் மாற்றும் கார்களில் சிலிண்டர் சுத்தமாக நிற்பதைக் காண்கிறோம். 500 மில்லிலீற்றர் போத்தலாக வாங்குங்கள். திறந்து மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கு வைக்க வேண்டாம்.

காற்று எடுக்கும் ரியூப் கையில் இருக்கும்போதே கிளட்ச் சிலேவ் சிலிண்டரின் (ஒயில் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் பாகம்) ரப்பர் மூடியையும் விலக்கிப் பாருங்கள். இந்தக் காரில் அதுவும் சீக்கிரம் போகும் பாகம். உள்ளே ஈரம் இருந்தால் அதையும் அதே நாளில் மாற்றுவது மலிவு.