புருவ முடி நடவு: செய்த பிறகு வரும் ஆண்டுகளில் என்ன எதிர்பார்க்கலாம்

புருவத்தில் நட்ட முடி வளர்ந்துகொண்டே இருக்கும். செய்துகொண்டவர்கள் ஓராண்டு, ஈராண்டு கழித்து அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான். வலியும் வீக்கமும் அதற்குள் மறந்துபோயிருக்கும். இயல்பான புருவ முடி சில வாரங்களே வளரும், பிறகு நின்று உதிர்ந்துவிடும். பிடரியிலிருந்து எடுத்த முடியோ இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை விடாமல் வளரும் ரகம். இடம் மாறினாலும் அந்தக் குணம் மாறாது. மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். வாரம் ஒருமுறை, சோம்பல் பட்டால் பத்து நாளுக்கு ஒருமுறை வெட்டியே ஆக வேண்டும். நரையும் தலையோடு சேர்ந்துதான் வரும். சிலருக்குச் சில ஆண்டுகளில் வளரும் வேகம் கொஞ்சம் குறைகிறது. அதை நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

இது பழைய விஷயம்தான். ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர் 1939-லேயே தலைமுடியைப் புருவத்தில் நட்டதை எழுதியிருக்கிறார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் புருவம் இழந்தவர்களுக்குத் தலைத்தோலில் ஒரு துண்டை ரத்தக்குழாயோடு நெற்றித் தோலின் அடியில் நகர்த்திக் கொண்டுவந்து புருவமாக்கினார். இப்போது நடப்பது ஒவ்வொரு வேர்க்காலாக எடுத்து நடும் முறை. வளரும் குணம் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே.

முதலில், முடி ஏன் போனது என்று தெரிய வேண்டும். பல ஆண்டு த்ரெட்டிங், தீக்காயம், விபத்துத் தழும்பு என்றால் நடலாம். தழும்பில் ரத்த ஓட்டம் குறைவு. முதல் தடவை நெருக்கமாக நடாமல், பிடித்ததைப் பார்த்து அடுத்த தடவை இட்டு நிரப்புவதே சரி. புருவத்தின் வெளி ஓரம் மட்டும் மெலிந்திருந்தால் தைராய்டு பரிசோதனை முதல் வேலை. மருந்திலேயே முடி திரும்பலாம். புழுவெட்டு இன்னும் அடங்காதபோது நட்டால், நட்ட முடியையும் அது தின்றுவிடும். நெற்றி முடிக்கோடு பின்வாங்கிக்கொண்டே புருவமும் போகிறது என்றால் தோல் மருத்துவரிடம் காட்டாமல் தேதி வாங்கக் கூடாது. முடியைப் பிடுங்கும் பழக்கம் இருந்தால் அதற்கான சிகிச்சைதான் முதலில்.

ஒரு புருவம் முழுக்க நடச் சாதாரணமாக 150 முதல் 350 கிராஃப்ட், அதாவது முடியோடு எடுத்து நடும் வேர்க்கால், ஆகும். எல்லாமே ஒற்றை முடி கிராஃப்ட்டாக இருக்க வேண்டும். இரட்டை முடியை அப்படியே நட்டால் ஆறு மாதத்தில் தூரத்திலிருந்தே தெரியும். நம் ஊர் முடி தடிமனும் கறுப்புமாக இருப்பதால் எண்ணிக்கை குறைவாக இருந்தாலே நிரம்பித் தெரியும். காதுக்குப் பின்னால் கிடைக்கும் மெல்லிய முடி பொருத்தமானது. பிடரியின் அடிமட்டத்தில் இருப்பதும் மெல்லியதுதான், ஆனால் வயதானால் அங்கே முடி உதிரக்கூடும்.

எண்ணிக்கையை விடக் கோணம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தலையில் நடுவதுபோல் நட்டால் புருவம் பிரஷ் மாதிரி நிமிர்ந்து நிற்கும். முடியை நட இடும் துளை தோலோடு ஒட்டி, 10 முதல் 15 டிகிரி சாய்வில் போக வேண்டும். மூக்குப் பக்கத் தொடக்கத்தில் முடி மேல்நோக்கி எழும்பும். நடுவில் மேல் வரிசை கீழாகவும் கீழ் வரிசை மேலாகவும் சாய்ந்து மீன்முள் அமைப்பில் சேரும். வால் பகுதியில் வெளிப்பக்கமாகப் படுக்கும். தொடக்க ஓரத்தை நேர்கோடாக, அடர்த்தியாக நட்டால் மை தீட்டியது போலாகிவிடும். அங்கே இடைவெளி விட்டு நடுகிறவரே கைதேர்ந்தவர்.

இன்னொன்றைப் பலர் கேட்பதே இல்லை. பிடரி முடிக்கு லேசான வளைவு உண்டு. அந்த வளைவு தோலைப் பார்த்துக் கவிந்திருக்க வேண்டும். திருப்பி நட்டால் முடி எழும்பிக்கொண்டே இருக்கும், எந்த ஜெல்லுக்கும் அடங்காது. மொட்டையாக மழித்து எடுத்தால் வளைவு கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் நீளம் விட்டு எடுப்பீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

அறுவை மரத்துப்போகும் ஊசி போட்டு மூன்று முதல் ஐந்து மணி நேரம் நடக்கும். ஊசிதான் வலி. ரத்தம் அதிகம் கசிந்தால், ஒன்றை நடும்போது பக்கத்தில் நட்டது வெளியே துள்ளும். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ மாத்திரைகளை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது இதனால்தான். ஆஸ்பிரின் போன்றவற்றை இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இரண்டாம், மூன்றாம் நாள் கண்ணிமை வீங்கலாம், கன்றியும் போகலாம். தலையை உயர்த்திப் படுத்தால் குறையும். பக்கு ஒரு வாரம், பத்து நாளில் தானாக விழும். நகத்தால் பெயர்த்தால் வேர்க்காலும் வந்துவிடும். முதல் நாட்களில் தண்ணீர் படுவது, குனிவது, வியர்க்க உடற்பயிற்சி செய்வது எல்லாம் மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம்.

இரண்டாம் வாரத்திலிருந்து நாலாம் வாரத்துக்குள் நட்ட முடி பெரும்பாலும் கொட்டிவிடும். பணம் போச்சு என்று பதறி மருத்துவரை அழைப்பது பெரும்பாலும் இப்போதுதான். வேர் உள்ளே இருக்கிறது. மூன்று, நாலு மாதத்தில் முளைக்கும். முதலில் முறுக்கலாக, தாறுமாறாக வரும். அந்தச் சமயத்தில் உள்ளே சுருண்ட முடியால் சிறு கொப்புளம் வரலாம். கிள்ளாமல் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, அடங்காவிட்டால் காட்டுங்கள். முழு உருவம் தெரிய 9 முதல் 12 மாதம் ஆகும். இடைவெளி நிரப்பும் இரண்டாம் தடவையை அதற்கு முன் முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு முடியின் அடியிலும் சிறு மேடோ குழியோ நிலைத்துவிட்டால், அது கிராஃப்ட்டை வைத்த ஆழம் தவறியதன் அடையாளம். சரிசெய்வது கடினம்.

யாரிடம் செய்வது? தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் தந்த வழிகாட்டுதல், யூடியூபிலும் பயிலரங்கிலும் பார்த்துக் கற்றது போதிய பயிற்சி ஆகாது என்று நேராகவே சொல்கிறது. துளையை யார் இடுவார், டாக்டரா டெக்னீஷியனா என்று கேளுங்கள். தலையில் செய்த படங்கள் ஆயிரம் காட்டுவார்கள். புருவம் செய்து ஓராண்டான, மேக்கப் இல்லாத, பக்கவாட்டுப் படம் கேட்டு வாங்கிப் பாருங்கள். முடி எழும்பி நிற்பது நேர்ப்படத்தில் தெரியாது.

வெட்டும் முறைக்கு வருவோம். சின்ன பிரஷால் மேல்நோக்கிச் சீவி, மேல் கோட்டைத் தாண்டும் நுனியை மட்டும் வளைந்த சிறு கத்தரியால் வெட்டுங்கள். பிறகு கீழ்நோக்கிச் சீவி அதேபோல். ஒட்ட வெட்டினால் முடி படியாமல் குத்திட்டு நிற்கும், ஆகையால் 8 மில்லிமீட்டராவது விடுங்கள். டிரிம்மர் வேண்டாம். நட்ட முடியில் த்ரெட்டிங் கூடவே கூடாது. பார்லரில் உட்காரும் முன்பே, எந்தக் கோட்டுக்குக் கீழே மட்டும் நூல் படலாம் என்று சொல்லிவிடுங்கள்.