தட்டு ஒன்று, தீக்குச்சி இரண்டு

திருப்பூரில் இருக்கும் அக்கா மகன் இன்று காலை போனில் கேட்டான்: "மாமா, ஒயர்லெஸ் சார்ஜர் விலை இறங்கியிருக்கிறது. நீங்கள் இரண்டு வருடமாக வைத்திருக்கிறீர்களே, வாங்கலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. அப்போதுதான் மேட்டுப்பாளையம் போகும் முதல் பஸ்ஸைத் தவறவிட்டு, எரிச்சலோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தவறவிட்டதற்குக் காரணம் அந்தச் சார்ஜர் தட்டுதான்.

அதன் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மனம் வராது.

எங்கள் ஊர் கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐப்பசி பிறந்து மூட்டம் இறங்கிவிட்டால் தீப்பெட்டி நமத்துப்போகும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். தேயிலைக் கொழுந்து எடை போடும் இடத்தில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வீடு திரும்பினால், மழைக்கோட்டின் உள்பையில் இருந்த போனும் ஈரமாகியிருக்கும். கேபிளைச் செருகினால் திரையில் நீர்த்துளிப் படம் வரும், சார்ஜ் ஏறாது. போனைக் குறை சொல்ல முடியாது. ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் துளைக்குள் இருக்கும் ஊசிகள் அரித்துவிடும். என் பழைய போனின் துளையில் களிம்பு பச்சையாகப் பூத்திருந்ததைப் பழுது பார்ப்பவர் லென்ஸ் வைத்துக் காட்டினார். அரிசி டப்பாவில் புதைத்து வை என்பது அம்மாவின் வைத்தியம். அப்படிச் செய்யாதீர்கள், அரிசித் துகள் உள்ளே போய் போனைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. அம்மாவிடம் அதைச் சொல்ல நான் துணியவில்லை.

தட்டுக்கு இந்தத் துளையே தேவையில்லை. போனின் முதுகைத் துணியால் துடைத்துவிட்டுத் தட்டின்மேல் கிடத்தினால் சார்ஜ் ஏறத் தொடங்கிவிடும். ஏதோ சொகுசுக்கு என்று வாங்கிய பொருள், அடைமழை நாட்களில் என்னைக் காப்பாற்றியதை மறுக்க மாட்டேன். சமவெளியில் இப்படிச் சார்ஜ் செய்தால் போன் சூடாகி வேகம் குறைகிறது என்கிறார்கள். எங்கள் குளிருக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

இனி வசவு.

தட்டுக்குள் ஒரு செம்புக் கம்பிச் சுருள், போனின் முதுகில் இன்னொன்று. இரண்டும் நேருக்கு நேர் இருந்தால்தான் வேலை நடக்கும். ஒரு விரல் அகலம் விலகினால் போதும், நின்றுவிடும். நள்ளிரவில் யாரோ கடன் வேண்டுமா என்று குறுஞ்செய்தி அனுப்புவார்கள். போன் அதிர்ந்து, வழவழப்பான தட்டின்மேல் மெல்ல நகரும். என் தட்டில் பச்சை விளக்கு மட்டும் அணையாது. சார்ஜ் ஏறினாலும் பச்சை, ஏறாவிட்டாலும் பச்சை. பிறகு எதற்கு விளக்கு?

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் க்யூ, ஐ என்று இரண்டே எழுத்து. படிக்கும்போது 'சீ' என்று படிக்க வேண்டுமாம். சீன மொழியில் உயிராற்றல் என்று பொருள். விடிகாலையில் செத்துக் கிடக்கும் போனைப் பார்த்து நான் சொல்லும் 'சீ'க்குப் பொருள் வேறு.

முதல் மாதமே தட்டின் ஓரத்தில் இரண்டு தீக்குச்சிகளை ஒட்டி வேலி போட்டேன். பார்க்க அசிங்கம், ஆனால் போன் அசையாமல் கிடந்தது. போன வாரம் போனுக்குத் தடித்த ரப்பர் கவர் மாட்டினேன். நேற்றிரவு போன் ஒரு குச்சியின்மேல் ஏறிச் சாய்ந்து கிடந்திருக்கிறது. வைத்தபோதே 12 சதவீதம்தான்; சிக்னலைத் தேடியே பாதி பேட்டரி கரையும் ஊர் இது. நாலே முக்காலுக்கு அலாரம் எப்படி அடிக்கும்? தப்பு கவருடையது என்கிறாள் மனைவி. அவளுக்குப் பிடிக்க வேண்டிய பஸ் எதுவும் இல்லை.

மற்றவை சில்லறை விஷயங்கள். பெட்டிமேல் 15 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், உள்ளே அடாப்டர் இருக்காது. வீட்டில் கிடக்கும் 10 வாட் அடாப்டரில் செருகிவிட்டு 15 வாட் வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. மரம் விழுந்து கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓட்டும் நாட்களில் தட்டைத் தொடுவதில்லை. கேபிளைவிட அதிக மின்சாரம் சூடாகவே வீணாகிறது.

2023இல் அறிவித்த இரண்டாம் தலைமுறை சீயில் காந்தம் வைத்திருக்கிறார்கள். அதற்கேற்ற போன் தானே இடம் பார்த்து ஒட்டிக்கொள்ளும். மருமகன் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். விலை இறங்கியிருப்பது காந்தம் இல்லாத பழைய வகை.

"வாங்காதே" என்றேன்.

"சரி மாமா. அப்படியென்றால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்களேன்."

வெளியே எதிர்மேடு தெரியாத அளவுக்கு மூட்டம். கார்த்திகை முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.