பொது நூலகத்தில் தொண்டு: மாணவருக்கு என்ன மிச்சம்?

உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை கொழும்பு மாணவருக்கு நீண்ட இடைவெளி இருக்கிறது. ஆங்கில வகுப்பு, கணனி வகுப்பு என்று காசு கட்டும் வழிகளே கண்ணில் படும். காசு கேட்காத நூலகத் தொண்டு அவற்றுக்கு ஈடாகுமா? தரும் வேலையைப் பொறுத்தது. இறாக்கையும் நூற்பட்டியலும் கைக்கு வந்தால் ஆகும். கதிரை அடுக்கவும் விழாவில் குளிர்பானம் பரிமாறவும் மட்டும் கூப்பிட்டால் ஆகாது.

முதல் வேலை பெரும்பாலும் திரும்பி வந்த நூல்களை அடுக்குவது. நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி தசமப் பகுப்பில் 330.12 முன்னால், 330.9 பின்னால். பன்னிரண்டு ஒன்பதைவிடப் பெரிது என்று நினைப்பவர் மாற்றி வைத்துவிடுவார். புள்ளிக்குப் பிறகு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடவேண்டும். தமிழ் இலக்கியம் 894.811, இலங்கை வரலாறு 954.93. இடம் மாறிய நூல் தொலைந்த நூல்தான்: கணனி ‘உண்டு’ என்னும், வாசகர் வெறுங்கையோடு போவார். அதனால் தட்டுத் தட்டாக எண்களை வாசித்துச் சரிபார்க்கும் வேலையும் சேர்ந்து வரும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தாவிட்டால் கண் எண்களைத் தாவத் தொடங்கும்.

உண்மையான லாபம் நூற்பட்டியலில். தமிழ்ப் பெயருக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்து தகப்பனுடையது. அதைக் கொண்டு வரிசைப்படுத்தினால் ஒரே ஆள் நாலு இடத்தில் சிதறுவார். எழுத்தாளர் எஸ். பொன்னுத்துரை ஒரு பதிவிலும் எஸ்.பொ. இன்னொன்றிலும் இருந்தால், ஒன்றைத் தலைப்பாக வைத்து மற்றதிலிருந்து ‘பார்க்க’ என்று வழிகாட்டவேண்டும். அடுத்த தொல்லை யூனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துரு. அதில் அடித்த பழைய பதிவு, எழுத்துரு இல்லாத கணனியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். யூனிகோட்டில் தேடினால் அகப்படாது. மாற்றி மூலநூலோடு ஒப்பிடவேண்டும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு மாறியிருந்தாலும் தேடல் தோற்கும். நூறு பதிவு திருத்திய மாணவர் பின்னால் தன் ஆய்வுக் கட்டுரைக்குத் தேடும் விதமே வேறு. இதை எந்த வகுப்பும் இந்தளவுக்குச் சொல்லித் தராது.

கிழிந்த நூல் திருத்தும்போது செலோரேப்பைத் தொடவேண்டாம். அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும்; கொழும்பின் ஈரத்தில் இன்னும் கெதியாக. கழன்ற தாளின் உள்விளிம்பில் மூன்று மில்லிமீற்றர் அளவுக்கு வெள்ளைப் பசை பூசி, இடத்தில் வைத்து, இரு பக்கமும் மெழுகுத்தாள் செருகி, ஓர் இரவு பாரம் ஏற்றினால் போதும். பசை கூடினால் பக்கத்துத் தாளும் ஒட்டிவிடும்.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது நோக்கத்தைப் பாருங்கள். விகாரமாதேவி பூங்காவுக்கு எதிரே, மாநகர சபையின் கொழும்புப் பொது நூலகம் 1925இல் தொடங்கியது. இன்றைய கட்டடம் 1980இல் திறக்கப்பட்டது. மூன்று மொழி நூல்களும் வாசகரும் இருக்குமிடத்தில் இரவல் மேசைக்கு அருகில் நின்றால் சிங்களம் தானாக வாயில் வரும். தமிழ் நூல்களோடு மட்டும் பழக விரும்புபவருக்கு வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது; சங்கம் 1942இல் தொடங்கியது. அச்சில் இல்லாத ஈழத்து நூலைக் கேட்டு வருபவரை, 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ இணையத்தளத்துக்கு வழிகாட்டத் தெரிந்திருப்பதும் நல்லது.

ஓசியில் வாசிக்கலாம் என்று போகிறவர் ஏமாறுவார். நூலின் அட்டையோடு மட்டுமே பழகும் வேலை இது. தூசு ஒத்துவராதவர் பழைய சஞ்சிகை அறையைத் தவிர்க்கவேண்டும், முகக்கவசம் கொஞ்சம்தான் உதவும். சேருமுன் நூலகரிடம் எந்தப் பகுதி, யார் மேற்பார்வை, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று கேளுங்கள். சான்றிதழில் தொடக்க, முடிவுத் திகதிகள், மொத்த மணித்தியாலம், செய்த வேலையின் பெயர் ஆகியவை இருக்கவேண்டும். ‘சிறப்பாகப் பணியாற்றினார்’ என்ற ஒற்றை வரியை வைத்து நேர்முகத்தில் ஒன்றும் காட்டமுடியாது. வேலை செய்யும் நாளிலேயே ஒரு கொப்பியில் குறித்து, மாதமுடிவில் கையொப்பம் வாங்கி வையுங்கள்; நூலகர் இடமாற்றம் பெற்றுப் போனபின் கணக்குக் காட்ட ஆள் இருக்காது.