அல்சூர் மாடியில் நான்கு ஆண்டுகள்: வெந்நீர்க் கணக்கு

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டரைப் பொருத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கரியமில வாயுவைக் குறைக்கவென்று வீட்டில் தொடங்கிய பழக்கங்களில் பெரிய அளவில் கணக்கில் ஏறியது இதுதான். 15 லிட்டர் வாளித் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவரச் சுமார் 0.35 யூனிட் மின்சாரம் வேண்டும், நால்வருக்கு 1.4 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுவதால், வெயில் உள்ள ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரு கிலோ மிச்சமாகிறது.

வெயில் உள்ள நாள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் கொதிக்கக் கொதிக்க வரும் என்றார் பொருத்தியவர். ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் மூடிக் கிடக்கும் நாள்களில் பழைய கீசரைத்தான் போடுகிறோம். போர்வெல் தண்ணீரின் உப்பால் மூன்றாம் ஆண்டில் கண்ணாடிக் குழாய்களுக்குள் வெள்ளைப் பொருக்குக் கட்டிவிட்டது. அதன்பின் அதற்குக் காவிரித் தண்ணீர் மட்டுமே.

அதைவிடப் பெரிய எரிச்சல், மாடியிலிருந்து வரும் குழாயின் நீளம். இரவெல்லாம் குழாய்க்குள் ஆறிக் கிடந்த தண்ணீர் முழுவதும் வெளியேறிய பிறகே வெந்நீர் வரும். ஜனவரி விடியலில் முக்கால் வாளி. முதலாண்டு அதைச் சாக்கடையில்தான் விட்டோம். காவிரித் தண்ணீரோ தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து, சுமார் 500 மீட்டர் உயரம் பம்புகளால் ஏற்றப்பட்டு இந்த ஊருக்கு வருகிறது. ஆயிரம் லிட்டரை அவ்வளவு உயரம் தூக்க, பம்பில் வீணாவதையும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு யூனிட் ஆகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து குழாயடியில் ஒரு நீல வாளி நிற்கிறது. அதில் பிடிக்கும் தண்ணீர் பாத்திரம் கழுவப் போகிறது.

சமையலறையில் மாற்றம் சிறியது. கடலை, ராஜ்மாவை முதல் நாள் இரவே ஊறவைத்துக் குக்கரில் வேகவைப்பதால், 35 நாள் வந்த சிலிண்டர் இப்போது 40 நாளைத் தாண்டுகிறது. ஒரு சிலிண்டரின் 14.2 கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு உண்டாகும்.

சமையலறைக் கழிவை மட்கவைக்கும் உரப்பானைதான் அதிக உழைப்பை வாங்குகிறது. ஈரக் கழிவு ஊர்க் குப்பை மேட்டில் அழுகி, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு ஆவதைத் தடுக்கிறது என்பதால் விடாமல் வைத்திருக்கிறோம். தேங்காய் நார்த்தூள் குறைந்தால் மட்டும் புழு வைத்துவிடும். அவரைக்காய் பருவத்தில் பிதுக்குப் பருப்புக்காக உரித்த தோலே ஒரே வாரத்தில் பானையை நிரப்பிவிடுவதால், சென்ற டிசம்பரில் இரண்டாவது பானை வாங்கினோம்.