ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? கொருக்குப்பேட்டை கேட் பக்கத்திலிருந்து ஒரு பதில்

வண்டியின் பெயரை வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறேன். சொன்னால் பேச்சு கியரை விட்டுவிட்டு, "அந்தக் கம்பெனி சர்வீஸ் எப்படி, ரீசேல் எவ்வளவு போகும்" என்று திரும்பிவிடும். ஒன்றரை லிட்டர் டர்போ பெட்ரோல், நாலு கதவு, ஆறு கியர் மேனுவல். இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறாயா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வடசென்னைத் தண்டையார்பேட்டையில் வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பவனுக்கு இதுதான் ஸ்போர்ட்ஸ் கார்.

இதே வண்டியை, இதே எஞ்சினோடு, ஏழு கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கில் என் மனைவியின் தம்பி வைத்திருக்கிறான். அவன் வீடு கொளத்தூரில். வாரக் கடைசியில் வந்தால் சாவியை மாற்றிக்கொள்வோம். சில சமயம் பத்து நாள் அவன் வண்டி என்னிடமே கிடக்கும். என் வண்டி நாற்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது, அவனுடையதும் கிட்டத்தட்ட அவ்வளவு ஓடியிருக்கும். ஷோரூம்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நாலு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சொல்லும் அபிப்பிராயம் இல்லை இது.

முதலில் வேகக் கணக்கை முடித்துவிடலாம், அதில் சண்டையே கிடையாது. ஆட்டோமேட்டிக்தான் வேகம். 1989-ல் ஃபெராரி தன் எஃப்1 வண்டியில் கியர் லீவரை எடுத்துவிட்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால், விரலால் தட்டிக் கியர் மாற்ற இரண்டு பேடிலை வைத்தது. அந்த வருடத்தின் முதல் பந்தயமான பிரேசிலிலேயே நைஜல் மேன்செல் அதை ஓட்டி ஜெயித்தார். 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32-ல் டூயல் கிளட்ச் ரோட்டு வண்டிக்கு வந்தது. அதன் வேலை எளிமையானது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. மூன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு தயாராகக் கோத்து நிற்கும். ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்க, அவ்வளவுதான் கியர் மாற்றம். மனிதக் காலும் கையும் எவ்வளவு பழகினாலும் அந்த வேகத்துக்கு வராது. 2023-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்2-ல் மேனுவல், ஆட்டோமேட்டிக் இரண்டும் உண்டு. ஆனால் அதன் ஆட்டோமேட்டிக் டூயல் கிளட்ச் இல்லை, டார்க் கன்வெர்ட்டர் என்ற இன்னொரு வகை; அது என்னவென்று பின்னால் சொல்கிறேன். வந்தபோது கம்பெனி கொடுத்த கணக்குப்படி நூறைத் தொட ஆட்டோமேட்டிக்குக்கு 4.1 விநாடி, மேனுவலுக்கு 4.3.

அந்த 0.2 விநாடியை எண்ணூர் விரைவுச் சாலையில் எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் என் கேள்வி. முன்னால் கண்டெய்னர் டிரெய்லர், பின்னால் கண்டெய்னர் டிரெய்லர், பக்கத்தில் துறைமுக கேட் வரை லாரி வரிசை.

இந்தக் கேள்வி நம் ஊரில் மட்டும் எழுந்தது இல்லை. 2013-ல் போர்ஷ 911 ஜிடி3 மேனுவலே இல்லாமல் வந்தது; வாங்குகிறவர்கள் முணுமுணுத்தார்கள், 2017-ல் மேனுவல் திரும்பி வந்தது. 2019-ல் ஆட்டோமேட்டிக்காக மட்டும் வந்த டொயோட்டா சுப்ராவுக்கு 2022-ல் மேனுவல் கொடுத்தார்கள். பெரிய பந்தய டிராக் பக்கத்திலேயே இருக்கிற ஆட்கள், ஆட்டோமேட்டிக்தான் வேகம் என்று நன்றாகத் தெரிந்த ஆட்கள், மெதுவானதைக் காசு கொடுத்துக் கேட்டு வாங்குகிறார்கள். நம் பக்கம் கதை தலைகீழ். 2004 வாக்கில் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் மேனுவல். 2017-ல் அதே பெயரில் வந்தது டிஎஸ்ஜி, அதாவது டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் மட்டும். மேனுவல் வேண்டும் என்றாலும் கிடைக்காது.

சரி, இனி ரோட்டுக்கு வருவோம்.

எனக்கு வேலை மணலியில். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போய்முடியும் வரை ஒரு நிம்மதி, எஞ்சினை அணைத்துவிடலாம். கேட் தூக்கிய பிறகுதான் பாடு. இரண்டு பக்கமும் ரோட்டின் முழு அகலத்துக்கும் ஆள் நிற்பார்கள். எதிரும் புதிருமாக நடுவில் முட்டிக்கொண்டு, அங்குலம் அங்குலமாகப் பிரிய வேண்டும். மேனுவலில் இது முழுக்க முழுக்க இடது முழங்காலின் வேலை. கிளட்ச் பாதி வருகிற இடத்தில் குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தை மட்டும் மயிரிழை தூக்கி, வண்டி ஒரு அடி நகர்ந்ததும் திரும்ப அமுக்க வேண்டும். டர்போ வண்டியில் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறைவு; சாதாரணக் குடும்பக் காரைப் போல ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை விட்டால் உதறி நின்றுவிடும். நின்றால் பின்னால் இருக்கிற ஷேர் ஆட்டோ ஹாரனிலேயே குடும்பத்தை விசாரிக்கும். வெயில் காலத்தில் வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறும்போது இடது கால் தனியாக ஒரு பேச்சுப் பேசும்.

இதைப் படித்துவிட்டு "அப்போ ஆட்டோமேட்டிக் வாங்கிவிட வேண்டியதுதானே" என்பவர்களுக்காகத்தான் அடுத்த பகுதி. ஷோரூமில் இதை யாரும் சொல்வதில்லை.

ஆட்டோமேட்டிக் என்றால் எல்லாம் ஒன்று என்ற நினைப்பு இங்கே பரவலாக இருக்கிறது. இல்லை. டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவில் இருப்பது எண்ணெய். ஊர்ந்துபோகும்போது அந்த எண்ணெய் வழுக்கிக்கொடுக்கும், தேய ஒன்றும் கிடையாது. என் மைத்துனன் வண்டியில் இருப்பது உலர் டூயல் கிளட்ச். அதாவது உள்ளே இருப்பது நம் மேனுவலில் இருக்கிற அதே மாதிரி கிளட்ச் தட்டுதான், ஒன்றுக்கு இரண்டாக. காலுக்குப் பதில் கம்ப்யூட்டர் அமுக்குகிறது. பிரேக்கிலிருந்து காலை லேசாக எடுத்து வண்டி ஊரும்போது, உள்ளே அது அரை கிளட்சில் உரசிக்கொண்டிருக்கிறது. குளிர்விக்க எண்ணெய் இல்லை, காற்றுதான். மே மாதத்தில் சாத்தாங்காடு பக்கம் லாரிகளுக்கு நடுவே அரைமணி நேரம் ஊர்ந்தால் அந்தக் காற்று எப்படி இருக்கும்? ஒருமுறை அவன் வண்டியை நான் ஓட்டியபோது திரையில் கியர்ப்பெட்டி சூடு என்று எச்சரிக்கை வந்தது. ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டு, டீ குடித்துவிட்டு வந்ததும் சரியாகிவிட்டது. பெரிய சேதம் ஒன்றும் இல்லை. ஆனால் மேனுவலில் என் முழங்கால் தாங்குகிற சூட்டை அங்கே தட்டு தாங்குகிறது. யாராவது ஒருவர் தாங்கித்தான் ஆக வேண்டும்.

ஓட்டுவதற்கும் அந்த இடத்தில் சுகமில்லை. நடைவேகத்தில் ஒன்றாவது கியரா இரண்டாவதா என்று பெட்டிக்கே குழப்பம் வந்து, ஒரு சின்ன உதறல் கொடுக்கும். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தோம். நெரிசலில் லீவரை மேனுவல் பக்கம் தள்ளி ஒன்றிலேயே நிறுத்திவிடுவது. முன் வண்டி நகர்ந்ததும் கூடவே ஊராமல், ஒரு வண்டி நீளம் இடம் விட்டு, கிளட்ச் முழுசாகப் பிடிக்கும்படி ஒரே இழுப்பில் போய் நிறுத்துவது. நிறுத்தினால் பிரேக்கை நன்றாக அமுக்கிப் பிடிப்பது. அப்போது கிளட்ச் விட்டுக்கொள்ளும். மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்தவே கூடாது. இதெல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஒரு வண்டி நீளம் இடத்தை மூலக்கடை சந்திப்பில் எந்த பைக்காரன் சும்மா விடுவான்?

என் வண்டியின் கிளட்ச் இன்னும் கம்பெனியில் போட்டதுதான். வியாசர்பாடியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் மேலயே காலை வெச்சினு ஓட்ற பழக்கம் இல்ல போலக்குதேணா, நல்லா கீது" என்றார். அந்தப் பழக்கம் இருப்பவர்களுக்கு இதில் பாதி தூரம்கூட வராது என்பதும் அவர் சொன்னதுதான். தேய்ந்தால் மேனுவல் கிளட்சை அவரைப் போன்ற ஒருவரே பார்த்துவிடுவார். டூயல் கிளட்ச் அப்படி இல்லை, அதற்கென்று தனிக் கருவிகளும் கம்ப்யூட்டரில் அளவு சரிசெய்வதும் வேண்டும், செலவும் அதற்கேற்றபடி. வாங்கும்போதே ஆட்டோமேட்டிக்குக்கு லட்சத்துக்கு மேல் கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உத்தரவாதத்தை நீட்டித்துக் கொடுத்தால், டூயல் கிளட்சுக்கு அதை யோசிக்காமல் வாங்குவேன். மேனுவலுக்கு வாங்கவில்லை.

இவ்வளவும் கஷ்டக் கணக்கு. சந்தோஷக் கணக்கு இன்னும் பாக்கி, ஸ்போர்ட்ஸ் வண்டி வாங்குவதே அதற்காகத்தானே.

ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்கு முன், காசிமேட்டில் மீன் வாங்கும் கூட்டத்தைத் தாண்டிவிட்டால் கடலோரச் சாலை கொஞ்சம் மூச்சு விடும். அப்போதும் நாற்பது, ஐம்பதுக்கு மேல் போக வழியில்லை. மணல் கிடக்கும், நாய் குறுக்கே வரும், ஓரத்தில் லாரி டிரைவர் பல் துலக்கிக்கொண்டிருப்பார். அந்த ஐம்பதில் மேனுவல் எனக்குக் கொடுப்பதை ஆட்டோமேட்டிக் கொடுக்கவில்லை. ஒரு திருப்பத்தைச் சொல்கிறேன். மூன்றாவது கியரில் வருகிறேன். பிரேக்கில் வலது பாதத்தின் இடப்பக்கம். வேகம் விழுந்துகொண்டிருக்கும்போதே கிளட்ச் உள்ளே, லீவர் இரண்டை நோக்கி. அந்த நடுவில் வலது பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரில் ஒரு தட்டு. எஞ்சின் ஒரு முறை உறுமும். சரியான அளவு உறுமியிருந்தால், கிளட்சை விடும்போது வண்டி வெண்ணெயில் கத்தி போல இரண்டுக்குள் இறங்கும். மூக்கு குத்தாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தலை ஆடாது. அளவு தப்பினால் மனைவி திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். இத்தனை வருடம் ஓட்டியும் பத்துக்கு இரண்டு தப்புகிறது. அதனால்தான் அலுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆட்டோமேட்டிக்கில் அதே திருப்பத்தில் பேடிலைத் தட்டினால், அதுவே உறுமி, அதுவே இறங்கி, ஒவ்வொரு முறையும் கச்சிதமாகச் செய்துவிடுகிறது. முதல் வாரம் அசந்துபோனேன். அப்புறம் பேடிலைத் தொடுவதையே மறந்துவிட்டேன். மைத்துனனும் அப்படித்தான், "அது என்னைவிட நல்லா பண்ணுது மாமா, நான் எதுக்கு நடுவுல" என்கிறான். அவன் வண்டியின் சுவை தெரிய வேண்டும் என்றால் முழு ஆக்சிலரேட்டரில், கியர்கள் துப்பாக்கி சுடுவதுபோல் விழ, நூறைத் தாண்டிப் போக வேண்டும். அதற்கு டிராக் வேண்டும். ஒரு காலத்தில் அதுவும் நம் பக்கத்தில்தான் இருந்தது. செங்குன்றத்தைத் தாண்டி சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. அப்பா தலைமுறை ஆட்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுவார்கள். இப்போது டிராக் இருங்காட்டுக்கோட்டையில். நகரத்துக்கு அந்தக் கோடி. அங்கே ஓட்டக் கிடைத்தால் நான் மைத்துனன் சாவியைத்தான் கேட்பேன்.

வெளிவட்டச் சாலையைச் சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள். மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை 62 கிலோமீட்டர். அங்கே இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஆறாவதிலோ ஏழாவதிலோ போட்டுவிட்டு பாட்டுக் கேட்கலாம்.

திருமலை மலைப்பாதையில் மட்டும் கொஞ்சம் எதிர்பாராத முடிவு. ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழியாக இரண்டு வண்டியிலும் போயிருக்கிறோம். ஏறும்போது ஆட்டோமேட்டிக் அருமை. முன்னால் பஸ் ஊர்ந்தாலும் சரி, இடம் கிடைத்துத் தாண்டினாலும் சரி, சரியான கியர் அதுவாகத் தயாராக இருக்கிறது. இறங்கும்போது லீவரைச் சாதாரண டி-யில் (டிரைவ்) விட்டால், ஆக்சிலரேட்டரில் கால் இல்லாததால் மேல் கியருக்கு ஏறிக்கொண்டு பிரேக்கை வேலை வாங்கும். பேடிலால் இரண்டிலேயே பிடித்து வைக்க வேண்டும். இதைத் தெரியாமல் இறங்குபவர்களின் பிரேக் வாடை வளைவுக்கு வளைவு மூக்கில் ஏறும். மேனுவலில் இரண்டில் போட்டால் இரண்டில்தான் கிடக்கும், கேட்கவே வேண்டாம்.

ஆக, யார் எதை வாங்கலாம்? வீட்டில் ஒரே வண்டி, தினமும் கேட், லாரி, மூலக்கடை, கூடவே அம்மா அப்பாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது என்றால் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் எதில் வருகிறதோ அதை வாங்குங்கள். கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் பரவாயில்லை. முழங்காலில் ஏற்கெனவே வலி இருப்பவர்கள் மேனுவல் பக்கமே வர வேண்டாம், ஆசைக்குக்கூட. டூயல் கிளட்ச் வேண்டுமென்றால் உங்கள் தினசரி வழி அண்ணா நகர், மாதவரம் என்று கொஞ்சம் ஓடுகிற வழியாக இருக்கட்டும். மேனுவலை, ஓட்டுவதே பொழுதுபோக்கு என்பவருக்குத்தான் சொல்வேன். வேகமாகப் போக இடமில்லாத ஊரில், மெதுவாகப் போகும்போதும் கைக்கும் காலுக்கும் வேலை கொடுப்பது அது ஒன்றுதான். நான் இன்னொரு முறை வாங்கினாலும் மேனுவல்தான். மைத்துனன் அடுத்ததாக டார்க் கன்வெர்ட்டர் தேடிக்கொண்டிருக்கிறான்.

டெஸ்ட் டிரைவுக்குப் போனால் காலை பத்து மணிக்கு ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் ஆறரைக்கு வண்டியைக் கேட்டு, கேட் விழுகிற ரோட்டுக்குள் விடுங்கள். ஏசி ஓடட்டும், பின்சீட்டில் இரண்டு பேர் உட்காரட்டும். விற்பனையாளர் மறுத்தால் வேறு ஷோரூம் பாருங்கள்.