கையெழுத்தா, திருப்பி அனுப்புவதா, வெளியே இறங்குவதா?

வியாழக்கிழமை பின்னேரம் வேலை விட்டுப் போகும் பஸ்ஸுக்குள் வைத்து, நிர்வாகத்தோடு எங்கள் தொழிற்சங்கம் செய்யப்போகிற கூட்டு ஒப்பந்தத்தின் தாள்கள் என் கைக்கு வந்தன. நான்கு பக்கம். முதல் பக்கம் தமிழ், மற்ற மூன்றும் ஆங்கிலம். தமிழ்ப் பக்கத்தில் இருந்ததெல்லாம் நல்ல செய்தி: மூன்று வருடத்துக்குச் சம்பள உயர்வு, கையெழுத்தானதும் எல்லோருக்கும் ஒரு தடவைக் கொடுப்பனவு, பண்டிகை முற்பணம் கொஞ்சம் கூட. பரந்தன் சந்தி தாண்டும்போதே பஸ்ஸில் பாதிப் பேர் “சரி, போடுவம்” என்று சொல்லிவிட்டார்கள்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, ஏ.எல். படிக்கும் என் மகன் மற்ற மூன்று பக்கத்தையும் அகராதியோடு இருந்து வாசித்துச் சொன்னான். அதில் மூன்று விஷயம் இருந்தது. இனிமேல் வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் குறைந்த சம்பளப் படி. மாதத்தில் ஒரு நாள் லீவு எடுத்தாலும் வருகைக் கொடுப்பனவு முழுதாகப் போய்விடும். முதல் வருட உயர்வு, சட்டப்படி கூட்ட வேண்டிய தொகையையும் சேர்த்துத்தான் கணக்கு. இதை ஏற்பதா இல்லையா என்று அடுத்த சனிக்கிழமை வாக்கெடுப்பு.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக மெஷினில் இருக்கிறேன். என் அத்தான் கனடாவின் ஒன்ராறியோவில், ஜெனரல் மோட்டர்ஸின் ஓஷவா கார் ஆலையில் வேலை செய்கிறார். 2023 இல் அவருக்கும் இதே மாதிரி ஒரு நேரம் வந்தது. தொலைபேசியில் நாங்கள் கிழமைக் கணக்கில் கதைத்திருக்கிறோம். அவர்களுடைய கதையையும் எங்கள் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் எல்லோரும் இரண்டு வழி மட்டும் இருக்கிற மாதிரிக் கதைக்கிறார்கள்: ஒன்று கையெழுத்து, இல்லாவிட்டால் வேலைநிறுத்தம். அந்தப் பிழைதான் என்னை எழுத வைத்தது.

முதலில் கையெழுத்துப் போடும் வழி. இதைச் சொல்கிறவர்களைப் பயந்தவர்கள் என்று யாரும் பேசக்கூடாது. என் பக்கத்து சீட்டில் வரும் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், புருஷன் இல்லை. செவ்வாய்க்கிழமைக்குச் செவ்வாய்க்கிழமை நுண்கடன்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். கையெழுத்தானதும் வருகிற அந்த ஒரு தடவைப் பணத்தில் அவரால் இரண்டு மாதத் தவணையை முடிக்க முடியும். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கும்போது கொப்பியும் சப்பாத்தும் வாங்கலாம். அந்த அவசரத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது.

ஆனால் அந்த அக்காவின் சம்பளச் சிட்டையை மடியில் விரித்து வைத்துப் பார்த்தோம். ஒரு தடவைப் பணம் வந்த மாதமே முடிந்துவிடும். அடிப்படைச் சம்பளத்தில் ஏறுகிற ரூபாய்தான் பின்னால் வந்துகொண்டே இருக்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு அதில் நாங்கள் 8 வீதம், முதலாளி 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னொரு 3 வீதம். ஓ.டி.யும் அந்த அடிப்படையில் இருந்துதான் பெருகுகிறது. ஐந்து வருடம் வேலை செய்து விலகினால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளப்படி கிடைக்கிற பணிக்கொடை, கடைசியாக வாங்கிய சம்பளத்தில்தான் கணக்குப் பார்க்கப்படுகிறது. ஒரு தடவைக் கொடுப்பனவு இவற்றில் எதையும் உயர்த்தாது.

சட்டப்படி கூட்ட வேண்டிய தொகையும் இருக்கிறது. தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 17,500 இலிருந்து 27,000 ரூபாய்க்கு ஏறியது. 2026 ஜனவரியில் 30,000. ஒப்பந்தத்தின் முதல் வருடமும் அதே ஜனவரியில்தான் தொடங்குகிறது. கீழ்ப்படியில் இருக்கிற பிள்ளைகளுக்கு, கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் கிடைக்கிற பணத்தை எடுத்து, ஒப்பந்தம் தந்ததாக எழுதியிருக்கிறார்கள். இதை விளக்கியதும் அந்த அக்கா வெகுநேரம் பேசவில்லை.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் உறுத்துவது புதியவர்களுக்கான குறைந்த படிதான். அமெரிக்க கார்த் தொழிலாளர்களின் கதையை இந்த இடத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். 2007 இல் டெட்ராயிட்டின் மூன்று பெரிய கார் நிறுவனங்களோடும் (ஜெனரல் மோட்டர்ஸ், ஃபோர்ட், கிறைஸ்லர்) அவர்களுடைய சங்கம் ஓர் ஒப்பந்தம் செய்தது. பழையவருக்கு மணிக்கு ஏறக்குறைய 28 டொலர் என்றால் புதிதாகச் சேர்கிறவருக்கு அதில் பாதி. பழையவர்களுக்கு நட்டமில்லை, அதனால் நிறையப் பேர் தலையாட்டினார்கள். பிறகு என்ன நடந்தது? ஒரே லைனில், ஒரே கதவைப் பூட்டுகிற இரண்டு பேருக்கு இரண்டு சம்பளம். பழையவர்கள் ஓய்வுபெற ஓய்வுபெற, குறைந்த சம்பளக்காரரின் பங்கு கூடியது. அந்தப் பிரிவைப் பெருமளவு உடைத்து, மூன்று வருடத்துக்குள் எல்லோரும் மேல் படிக்கு வரலாம் என்று எழுதி வாங்க 2023 வரை, ஆறு கிழமை வேலைநிறுத்தம் வரை போக வேண்டியிருந்தது. பதினாறு வருடம்!

எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேரப்போவது யார்? துணுக்காயிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் முள்ளியவளையிலிருந்தும் ஓ.எல். முடித்துவிட்டு வரப்போகிற பிள்ளைகள். எங்களுடைய தங்கச்சிமார், மருமக்கள். அவர்களுக்கு இப்போது வாக்கு இல்லை. அவர்களுடைய சம்பளத்தைக் குறைக்க எங்கள் கையால் புள்ளடி கேட்கிறார்கள். இதைப் போட என் கை வராது.

இனி எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். உடனே வெளியே இறங்குவோம் என்று நிற்கிறவர்கள் பெரும்பாலும் இளம் பிள்ளைகள். அவர்களுடைய கோபம் நியாயமானது. அவர்கள் காட்டுகிற உதாரணமும் அத்தானின் ஆலைதான். 2023 ஒக்டோபர் 10 ஆம் திகதி கனடாவில் ஜெனரல் மோட்டர்ஸ் தொழிலாளர்கள் 4,000 பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். பதின்மூன்று மணித்தியாலம்தான், நிறுவனம் இணங்கியது. முழுநேரத் தற்காலிகத் தொழிலாளர்களை நிரந்தரமாக்குவதும் அதில் கிடைத்தது. அந்த மாத முடிவில் ஸ்டெலான்டிஸ் என்ற இன்னொரு கார் நிறுவனத்தின் ஆலைகளில் வேலைநிறுத்தம் ஏழு மணித்தியாலம்கூடச் சரியாகப் போகவில்லை.

அந்தப் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்பதைப் பிள்ளைகள் பார்ப்பதில்லை. ஓகஸ்டிலேயே, தேவைப்பட்டால் வேலைநிறுத்தம் என்று ஏறக்குறைய எல்லோரும் வாக்களித்து வைத்திருந்தார்கள். செப்டெம்பரில் ஃபோர்ட் நிறுவனத்தோடு முன்மாதிரியாக ஓர் ஒப்பந்தம் முடித்து, அதே அளவுகோலை மற்ற இரண்டு நிறுவனங்களிடமும் நீட்டினார்கள். ஃபோர்டில்கூட அது 54 வீத வாக்கோடுதான் தப்பியது. பின்னால் சங்கத்தின் போராட்ட நிதி இருந்தது. அதே வருடம் அமெரிக்காவில் இறங்கிய கார்த் தொழிலாளர்களுக்கு அவர்களுடைய சங்கம் கிழமைக்கு 500 டொலர் கொடுத்தது, அதன் கையில் 80 கோடி டொலருக்கு மேல் இருந்தது. அப்படியிருந்தும் அவர்கள் 1,46,000 பேரையும் ஒரேயடியாக இறக்கவில்லை. முதல் நாள் மூன்று ஆலை, ஏறக்குறைய 13,000 பேர். மற்றவர்கள் வேலை செய்து சம்பளம் எடுத்துக்கொண்டே காத்திருந்தார்கள்.

எங்களிடம் என்ன இருக்கிறது? சங்கத்தின் கிளைக் கணக்கில் இருப்பது ஒரு லைனுக்கு ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் காணாது. இன்னொன்று, இதை யாரும் யோசிக்கவில்லை: எங்களை ஏற்றி இறக்குவது தொழிற்சாலையின் பஸ். வேலைநிறுத்தம் என்று அறிவித்த காலையில் அந்த பஸ் வராது. விசுவமடுவிலிருந்து கேட்டுக்கு வர இருபது கிலோமீற்றருக்கு மேல். முழங்காவில் பிள்ளைகளுக்கு இன்னும் தூரம். இரண்டு பஸ் மாறி, சொந்தக் காசில் வந்து, வெயிலில் நின்று, திரும்பிப் போக வேண்டும். மூன்றாம் நாள் எத்தனை பேர் வருவார்கள்? ஓஷவாவில் ஆளாளுக்கு கார் இருக்கிறது. வன்னியில் வீதிக்கு இறங்குவதற்கே போக்குவரத்துக்கு வழி தேட வேண்டும்.

நாட்டின் பழைய கணக்கும் இருக்கிறது. 1980 ஜூலை பொது வேலைநிறுத்தத்தில் இறங்கிய 40,000 பேர் அளவில் ஜே.ஆர். ஜயவர்த்தன அரசு வேலையை விட்டே அனுப்பியது. 2011 மே மாதம் கட்டுநாயக்கவில் எங்களைப் போன்ற ஆடைத் தொழிலாளர்கள் ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராக வெளியே வந்தார்கள். அரசு அதை விலக்கிக்கொண்டது, அது வெற்றிதான். ஆனால் பொலிஸ் சூட்டில் ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி உயிரை விட்டார். அந்தத் தாய்க்கு அது என்ன கணக்கு?

இப்போதைய நேரமும் எங்களுக்குச் சாதகம் இல்லை. 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அமெரிக்கா அறிவித்தது, ஓகஸ்டில் 20 வீதத்தில் வந்து நின்றது. ஓடர் குறையும் என்று நிர்வாகம் சொல்வதை முழுப் பொய் என்று தள்ள முடியாது. “மூடிக்கொண்டு போயிட்டால்?” என்ற பயம் வன்னியில் சும்மா வந்ததல்ல. எல்லாவற்றையும் ஒரு தரம் இழந்து, தறப்பாளுக்குக் கீழே இருந்து எழும்பி வந்த சனம் நாங்கள். ஓஷவா ஆலையைக்கூட 2019 முடிவில் மூடி 2021 இல்தான் திரும்பத் திறந்தார்கள் என்று அத்தானே சொல்வார்.

வேலைநிறுத்தத்தில் முதலில் அடிபடுவது யார் என்பதையும் பாருங்கள். வேலைநீக்கத்திலிருந்து காக்கும் 1971 ஆம் ஆண்டுச் சட்டம், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்யாதவரைக் காப்பாற்றாது. அதாவது, இப்போதுதான் சேர்ந்திருக்கிற புதிய பிள்ளைகளையே முதலில் வீட்டுக்கு அனுப்பலாம்.

அப்போ மூன்றாவது வழி. “இல்லை” என்று வாக்களித்துவிட்டு, திங்கட்கிழமை வழமைபோல மெஷினில் இருப்பது. ஒப்பந்தத்தை மேசைக்குத் திருப்பி அனுப்புவது. இது கோழைத்தனம் என்று இளம் பிள்ளைகள் சொல்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 2015 இல் அமெரிக்காவில் ஃபியட் கிறைஸ்லர் கார் நிறுவனத் தொழிலாளர்கள் சங்கத் தலைமை கொண்டுவந்த ஒப்பந்தத்தை 65 வீதத்தால் நிராகரித்தார்கள். ஒரு நாள்கூட வேலைநிறுத்தம் இல்லை. சங்கம் திரும்பப் போய்ப் பேசியது. இரண்டாவது தாளில், குறைந்த சம்பளக்காரர் எட்டு வருடத்தில் முழுச் சம்பளத்துக்கு வருகிற பாதை எழுதப்பட்டிருந்தது. 77 வீதம் பேர் ஏற்றார்கள்.

2021 இல் ட்ரக்டர் செய்கிற ஜோன் டீர் தொழிலாளர்கள் முதல் ஒப்பந்தத்தை 90 வீதத்தால் தள்ளிவிட்டு, 10,000 பேர் ஐந்து கிழமை வெளியே நின்றார்கள். முதல் தாளில் புதியவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை என்று இருந்தது, இரண்டாவது தாளில் அது திரும்ப வந்தது. முதல் வருட உயர்வும் ஏறக்குறைய இரட்டித்தது. அந்த இரண்டாவது தாளையும் 55 வீதத்தால் தள்ளினார்கள். மூன்றாவதில் மாறியது கொஞ்சம்தான், 61 வீதத்தோடு முடிந்தது. முதல் “இல்லை”க்குத்தான் பெறுமதி அதிகம் என்று நான் இதை வாசிக்கிறேன்.

சட்டமும் இந்த இடத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கை கொடுக்கிறது. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 1999 திருத்தத்தின்படி, 40 வீதத் தொழிலாளர்களை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்தோடு பேச மறுப்பது முதலாளிக்குக் குற்றம். எங்கள் சங்கத்தில் அதற்கு மேலேயே ஆள் இருக்கிறது. ஆனால் கையெழுத்தான பிறகு கதை வேறு. கூட்டு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்போது அதன் நிபந்தனையை மாற்றச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தால் அதே சட்டத்தில் அது எங்கள் பக்கக் குற்றம். அதனால் “இப்ப போடுவம், பிறகு பாப்பம்” என்பது நடக்காத காரியம். பார்க்க வேண்டியது இப்போது.

இந்த வழியின் பலவீனமும் எனக்குத் தெரியும். சும்மா திருப்பி அனுப்பினால் நிர்வாகம் மாதக்கணக்கில் இழுக்கும். ஒரு தடவைப் பணம் தள்ளிப்போகும், அந்த அக்காவின் செவ்வாய்க்கிழமை தள்ளிப்போகாது. ஆகவே பின்னால் ஒரு சின்ன அழுத்தம் வேண்டும். பேச்சு நகரவில்லை என்றால் ஓ.டி.க்கு நிற்காமல் ஐந்து மணிக்கு எழும்புவோம் என்பதுதான் என் யோசனை. கப்பலுக்குத் துணி போக வேண்டிய கிழமையில் அது உறைக்கும். எங்களுக்கும் நட்டம்தான், ஆனால் அடிப்படைச் சம்பளம் வரும், வருகைக் கொடுப்பனவு வரும், காலையில் பஸ்ஸும் வரும்.

அதற்கும் அசையவில்லை என்றால் வேலைநிறுத்தம். நான் அதை எப்போதைக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஐப்பசியில் இல்லை, மாசியில். இப்போது விதைப்பு நேரம், வீட்டில் நெல்லும் இல்லை, கையில் காசும் இல்லை, மழை வேறு. தையிலும் மாசியிலும் பெரும்போக வெட்டு. வயல் இல்லாத வீட்டுக்கும் கூலிக்கோ கைமாற்றுக்கோ அரிசி கிடைக்கிற காலம் அது. அதற்குள் லைனுக்கு லைன் சீட்டுப் போடுகிற மாதிரி மாதம் கொஞ்சம் சேர்த்தால், முதல் இரண்டு கிழமைக்கு நுண்கடன் தவணை உள்ளவர்களையாவது தாங்கலாம்.

அத்தானிடம் நேற்று இரவு இதைச் சொன்னேன். “கோபத்தை நம்பாதை பிள்ளை, பெயரை எண்ணு” என்றார். ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். எங்கள் லைனில் 48 பேர். ஐந்து மணிக்கு எழும்பச் சம்மதம் என்று இதுவரை 31 பேர். வெளியே இறங்கச் சம்மதம் என்று 12 பேர். பக்கத்து சீட் அக்கா இரண்டிலும் இல்லை. ஆனால் அந்த மூன்று பக்கத்தையும் தமிழில் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார், தானே வாசித்துவிட்டுத்தான் புள்ளடி போடுவாராம்.

மகன் இரவு இருந்து எழுதி முடித்துவிட்டான். விசுவமடுச் சந்திக் கடையில் ஐம்பது பிரதி எடுத்து, மழைக்கு நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை ஐந்தரை பஸ்ஸில் முதல் பிரதி அந்த அக்காவுக்கு.